பற்றரியைக் கடைசிக்கு விடாதீர்கள்

ஆட்டம் முடிய இன்னும் 50 விநாடி இருந்தது. எதிரணி ரோபோ ஒன்று பக்கவாட்டில் வந்து எங்கள் ரோபோவை இடித்தது. பெரிய இடி என்று சொல்ல முடியாது. அன்று காலையில் இருந்து அதுபோல இருபது இடி வாங்கியிருப்போம். ஆனால் இந்த முறை எங்கள் ரோபோவின் விளக்கு அணைந்தது. டிரைவர் ஜொய்ஸ்டிக்கை எல்லாப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. எங்களோடு சேர்ந்து விளையாடிய மற்ற இரண்டு அணிகளும் எங்களைத் திரும்பிப் பார்த்தன. அந்த 50 விநாடியும் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அந்தப் பிளே-ஆஃப் ஆட்டத்தோடு எங்கள் பருவம் முடிந்தது.

மைதானத்துக்குள் போய்ப் பார்த்தால், பற்றரி தன் இடத்தை விட்டு வழுகி வெளியே வந்து, சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. கனெக்டர் பாதி கழன்றிருந்தது.

பிட்டுக்குத் திரும்பியதும் ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "பற்றரியைக் கட்டினது யார்?"

ஒன்பதாம் வகுப்புப் பெடியன் ஒருவன் கையை உயர்த்தினான். அதற்குப் பிறகு யாரும் அவனைத் திட்டவில்லை. ஆனால் யாரும் அவனோடு கதைக்கவும் இல்லை. அடுத்த வருடம் அவன் அணிக்கு வரவில்லை.

இதை எழுதக் காரணம் அவன்தான். அன்று கேட்கப்பட்டது பிழையான கேள்வி. சரியான கேள்வி, "பற்றரிக்கு இடம் வைக்காமல் ரோபோவை வரைந்தது யார்?" என்பது. அதற்குக் கை உயர்த்தவேண்டியவர் நான். அந்த வருடம் கணினியில் சட்டத்தை வரைந்தது நான். அன்று நான் கையை உயர்த்தவில்லை.

ஆகவே என் கருத்தை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ரோபோவில் முதலில் இடம் ஒதுக்கவேண்டியது பற்றரிக்கு. கடைசி இரவில், மிச்சம் இருக்கிற ஓட்டைக்குள், மிச்சம் இருக்கிற பட்டியால், அணியிலேயே சின்னப் பிள்ளையைக்கொண்டு கட்டவைக்கிற பொருள் அல்ல அது.

எஃப்.ஆர்.சி. தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். டீன் கேமன் 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு நடத்துகிற உயர்பாடசாலைப் போட்டி இது. முதல் போட்டி 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பாடசாலை ஜிம்மில் 28 அணிகளோடு நடந்தது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஒன்ராறியோவில் 2017 முதல் மாவட்ட முறையில் நடக்கிறது. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள பாடசாலை அணிகளில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜனவரித் தொடக்கத்தில் விளையாட்டு என்ன என்று அறிவிப்பார்கள். சில கிழமைகளில் ரோபோவைக் கட்டி முடிக்கவேண்டும். மூன்று ரோபோ ஒரு பக்கம், மூன்று மறுபக்கம். ஒரு ஆட்டம் சுமார் இரண்டரை நிமிடம்.

இந்த ரோபோ எல்லாவற்றுக்கும் உயிர் ஒரே ஒரு பற்றரிதான். 12 வோல்ட், சுமார் 18 ஆம்பியர்-மணி, மூடப்பட்ட ஈய-அமில வகை. ஏறத்தாழ 18 செ.மீ. நீளம், 17 செ.மீ. உயரம், 7.6 செ.மீ. அகலம். பாரம் சுமார் 6 கிலோ. நம் வீட்டில் இருக்கும் 5 கிலோ அரிசிப் பையைவிடப் பாரம். மோட்டர், கை, சில்லு எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தால், ரோபோவிலேயே அதிகப் பாரமான ஒற்றைப் பொருள் பெரும்பாலும் இதுதான்.

அதைத்தான் நாங்கள் ஒரு பஞ்சி கயிற்றாலும் அடியில் ஒட்டிய வெல்குரோவாலும் பிடித்துவைத்திருந்தோம்.

அது போதாது என்பதற்கு பதினோராம் வகுப்புப் பௌதிகம் போதும். ரோபோ விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். இந்தப் போட்டியில் அது சாதாரண வேகம். அது சுவரில் அல்லது இன்னொரு ரோபோவில் மோதுகிறது. பம்பருக்குள் இருக்கும் ஃபோம் நசுங்கி, 5 செ.மீ. தூரத்துக்குள் ரோபோ நிற்கிறது. வேகத்தின் வர்க்கத்தை இரண்டு மடங்கு தூரத்தால் வகுத்தால் வேகத்தேய்வு வரும்: 16ஐ 0.1ஆல் வகுத்தால் 160. புவியீர்ப்பைப்போல 16 மடங்கு. அந்தக் கணத்தில் உங்கள் 6 கிலோ பற்றரி கிட்டத்தட்ட 96 கிலோ பாரத்தைப்போல முன்னால் தள்ளும்.

இப்போது உங்கள் கட்டைப் பார்த்துக் கேளுங்கள்: ஒரு பெரிய ஆள் அதன்மேல் ஏறி நின்றால் தாங்குமா? எல்லாப் பக்கத்திலும் தாங்குமா? இடி முன்னால் இருந்து மட்டும் வராது. எங்களுக்குப் பக்கத்தில் இருந்து வந்தது.

போட்டி விதியும் இதையே கேட்கிறது. கடுமையான மோதலிலும், ரோபோ கவிழ்ந்தாலும், எந்தப் பக்கமாகக் கிடந்தாலும் பற்றரி இடம் பெயரக்கூடாது. பற்றரி முனைகள் முழுவதும் மின்கடத்தாப் பொருளால் மூடப்பட்டிருக்கவேண்டும். எங்கள் ரோபோ பரிசோதனையில் தேறியதுதான். நிற்கிற ரோபோவில் கையால் அசைத்துப் பார்த்தபோது பற்றரி அசையவில்லை. ஆனால் 96 கிலோவை யாரும் கையால் தள்ளிப் பார்ப்பதில்லை. அதைத் தாங்குகிறதா என்று பார்ப்பது பரிசோதகரின் வேலை அல்ல, நம் வேலை.

அன்று பின்னேரம் என்னைக் கூட்டிப்போக அப்பா வந்தார். அவர் டெலிவரி லொறி ஓட்டுகிறவர். பிட்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ரோபோவைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு அந்தப் பஞ்சி கயிற்றை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"பிள்ளை, இது இழுபடுற கயிறல்லோ? பிறேக் அடிச்சா சாமான் முன்னுக்கு வரும். கயிறு அதைப் பிடிக்காது. முன்னுக்கு ஒரு தடுப்பு வேணும். தடுப்புத்தான் பிடிக்கிறது. கயிறு சாமானை எழும்பவிடாமல் வைச்சிருக்க மட்டும்தான்."

ஆறு கிழமை நாங்கள் விவாதித்த எதிலும் வராத விஷயத்தை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். பற்றரி பொருத்துவதைப் பற்றி நான் அதற்குப் பிறகு கற்றதெல்லாம் இந்த ஒரு வசனத்தின் விரிவுதான்.

பற்றரி நகரக்கூடிய திசைகள் ஆறு: முன், பின், இடம், வலம், கீழ், மேல். இவற்றில் ஐந்தைப் பெட்டி பிடிக்கவேண்டும். ஆறாவதை, அதாவது மேல்பக்கத்தை, பட்டி பிடிக்கவேண்டும். பெட்டி என்றால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அடியில் ஒரு தட்டு, நான்கு பக்கமும் அலுமினிய ஆங்கிள், அவற்றைச் சட்டத்தோடு போல்ட்டால் இறுக்குவது. பக்கச் சுவர் இரண்டு விரல் உயரம் போதாது. இடி வாங்கும்போது பற்றரி சரிந்து அதன்மேல் ஏறிவிடும். பற்றரியின் பாதி உயரமாவது வரட்டும். உள்ளே மெல்லிய ரப்பர் அல்லது ஃபோம் ஒட்டினால் பற்றரி ஆடாது, அதன் பிளாஸ்டிக் உறை அலுமினிய விளிம்பில் வெட்டுப்படவும் மாட்டாது. பெட்டிக்குள் போல்ட்டின் முனை நீட்டிக்கொண்டிருக்கவே கூடாது. பற்றரி உறையில் ஓட்டை போட யாராவது யோசித்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே இருப்பது கந்தக அமிலம்.

பட்டி நீளாத பட்டியாக இருக்கவேண்டும். லொறியில் சாமான் கட்டும் ராட்செட் பட்டியின் சின்ன வகை, அல்லது கொளுக்கிக்குள் போய்த் திரும்பி வந்து தன்மேலேயே ஒட்டும் அகலமான வெல்குரோ பட்டி. வெல்குரோ கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல அணிகள் பல அதைத்தான் பாவிக்கின்றன. ஆனால் அவர்களுடைய ரோபோவில் பாரத்தைத் தாங்குவது பெட்டி. எங்களுடையதில் பெட்டியே இல்லை, வெல்குரோவின் பசைதான் இருந்தது. பஞ்சி கயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். நீள்வதற்கென்றே செய்த பொருளை, நகரக்கூடாத பொருளுக்குக் கட்டுவதில் அர்த்தம் இல்லை.

இடத்தையும் கவனியுங்கள். பற்றரி எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு ரோபோ கவிழாமல் நிற்கும். கை முன்னால் நீளுகிற ரோபோ என்றால் பற்றரியைப் பின்னால் வைத்துச் சமப்படுத்தலாம். இதெல்லாம் ஜனவரியில் கேட்டால் நல்ல கேள்விகள். மார்ச்சில் கேட்டால் விடை ஒன்றுதான்: "எங்கே ஓட்டை இருக்கோ அங்கே வை."

பற்றரியைப் பிடிப்பது பாதி வேலை. அதன் வயரைப் பிடிப்பது மறுபாதி. எங்கள் ரோபோ நின்றது பற்றரி வழுகியதால் அல்ல, அது வழுகும்போது கனெக்டரை இழுத்ததால். ரோபோப் பக்கக் கனெக்டரைச் சட்டத்தோடு இறுக்கமாகப் பொருத்துங்கள். இரண்டு பாதியும் கழராமல் ஒரு ஸிப் டை அல்லது கொக்கி போடுங்கள். வயரில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். ஆட்டத்தில் எந்த நிலையிலும் பற்றரியின் பாரம் வயரில் விழக்கூடாது.

பற்றரி முனையில் இருக்கும் போல்ட்டையும் சொல்லவேண்டும். ஆடுகிற பற்றரி மெதுமெதுவாக அந்தப் போல்ட்டைத் தளர்த்தும். தளர்ந்த இணைப்பில் 0.01 ஓம் தடை கூடினால் என்ன ஆகும்? ரோபோ 100 ஆம்பியர் இழுக்கும்போது அந்த இடத்திலேயே 1 வோல்ட் போய்விடும். 100 வாட் வெப்பம் அங்கே உண்டாகும். ஒரு பழைய 100 வாட் மின்குமிழ் அந்த ஒரு போல்ட்டில் எரிகிறது என்று நினையுங்கள். சில கணங்களில் ரோபோ 200 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். மின்னழுத்தம் ஏறத்தாழ 6.8 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், ரோபோவின் மூளையான ரோபோரியோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டர்களை நிறுத்திவிடும். மின்சாரம் முழுதாகவே ஒரு கணம் அறுந்தால், ரோபோரியோவும் ரேடியோவும் முதலில் இருந்து தொடங்கவேண்டும். இரண்டரை நிமிட ஆட்டத்தில் அந்தக் காத்திருப்பு தோல்விக்குப் போதும். பல அணிகள் இதை "புரோகிராமில் பிழை" என்று நினைத்து இரவு முழுதும் கோடைத் தோண்டுகின்றன. முதலில் போல்ட்டை அசைத்துப் பாருங்கள். கழராத நட் அல்லது பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, முனையை மூடி ஒட்டுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் அணியில் மூன்று பதில்கள் வரும். மூன்றையும் நானே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

முதலாவது, "பாரம் கூடிவிடும்." ரோபோவின் பார எல்லையில் பற்றரியும் பம்பரும் சேராது, பற்றரிப் பெட்டி சேரும் என்பது உண்மைதான். ஆனால் நான் சொன்ன ஆங்கிள் பெட்டி அரைக் கிலோவுக்குள் முடியும். அரைக் கிலோ மிச்சம் பிடிக்க ரோபோவில் வேறு ஐம்பது இடம் இருக்கிறது. முழு ரோபோவும் நின்றுபோகக்கூடிய இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இரண்டாவது, "கெதியாக மாற்ற முடியாது." ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகச் சார்ஜ் ஏற்றிய பற்றரி போடவேண்டும்; பிளே-ஆஃபில் சில நிமிடம்தான் கிடைக்கும். இது நியாயமான கவலை. ஆனால் இறுக்கமும் வேகமும் எதிரிகள் அல்ல. நல்ல பெட்டியில் வேலை மூன்றே மூன்று: பட்டியைத் திற, கனெக்டரைக் கழற்று, பற்றரியைத் தூக்கு. எங்கள் பஞ்சி கயிற்றுக் கட்டை அவிழ்த்துக் கட்டத்தான் உண்மையில் அதிக நேரம் எடுத்தது. இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. கையில் ஒரு ஸ்பானரும் இல்லாமல், ஒருவர் மட்டும், 30 விநாடிக்குள் மாற்றவேண்டும் என்று இலக்கு வையுங்கள். அதைத் தாங்கும் வலிமையோடு சேர்த்து வரையுங்கள். அது நல்ல பொறியியல் கேள்வி.

மூன்றாவது, "பன்னிரண்டு ஆட்டம் தாங்கியதே." இதுதான் மூன்றிலும் ஆபத்தானது. பன்னிரண்டு ஆட்டம் தாங்கிய வெல்குரோ பதின்மூன்றாவது ஆட்டத்துக்குப் புதிது அல்ல. அதில் தூசும் நூலும் ஏறியிருக்கும், பசை உரிந்திருக்கும். தாங்கியது என்பது தாங்கும் என்பதற்கு அத்தாட்சி இல்லை.

ஆட்டத்தில் தோற்பது ஒரு விஷயம். காயம் வேறு விஷயம். வயரில் தொங்கிய எங்கள் பற்றரி தரையில் விழுந்து வெடித்திருந்தால், அமிலத்தைத் துடைத்துக்கொண்டு நின்றிருப்பது அந்த ஒன்பதாம் வகுப்புப் பெடியன்தான். ஆகவே சில பழக்கங்களைச் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். பற்றரியை வயரில் பிடித்துத் தூக்கக்கூடாது. கீழே விழுந்த பற்றரியை மீண்டும் ரோபோவில் போடக்கூடாது, வெளியே சேதம் தெரியாவிட்டாலும். இரண்டு முனையையும் ஒரு ஸ்பானர் தொட்டால் பல நூறு ஆம்பியர் பாயும். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிட்டு வேலை செய்யவேண்டும். அமிலம் சிந்தினால் போட அப்பச்சோடாவும், கையுறையும், கண்ணாடியும் பிட்டில் இருக்கவேண்டும்.

இனி மற்றக் கதைக்கு வருகிறேன். பற்றரியை ஏன் கடைசிக்கு விடுகிறோம்?

எங்களுக்குத் தெரியாததால் அல்ல. யாரும் அதைப் பார்த்துக் கைதட்டமாட்டார்கள் என்பதால். எங்கள் அணியில் எல்லாருக்கும் புரோகிராமிங் வேண்டும், இல்லையென்றால் கை, இல்லையென்றால் டிரைவர் இடம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் "தானியங்கிப் பாதையை எழுதினேன்" என்று போடலாம். "பற்றரிப் பெட்டி செய்தேன்" என்று யார் போடுவார்? வீட்டிலும் அதேதான். "என் மகள் ரோபோவுக்குக் கோட் எழுதுகிறாள்" என்று அம்மா ஒரு சொந்தக்காரருக்குச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். அலுமினியம் அறுக்கிறாள், போல்ட் இறுக்குகிறாள் என்று சொல்லும்போது அது இருக்காது. கை அழுக்காகும் வேலை நம்மோடு முடியட்டும் என்றுதான் பல பெற்றோர் இங்கே வந்து உழைத்தார்கள். எனக்கு அது விளங்குகிறது.

ஆனால் அந்த எண்ணம் எங்களுக்கு ஒரு பொய்யையும் சொல்லிக்கொடுத்தது: கட்டுவது, இறுக்குவது, தாங்கவைப்பது எல்லாம் யோசிக்கத் தேவையில்லாத வேலை என்று. அப்பாவை அதற்கு முன் நான் வேர்க்‌ஷொப்புக்குக் கூப்பிடாததற்குக் காரணமும் அதுதான். மற்றவர்களின் பெற்றோர் பொறியியலாளர்களாக வந்து நின்றார்கள். லொறி ஓட்டுகிறவருக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். ஓடுகிற வண்டியில் பாரத்தை நகராமல் வைத்திருப்பதை இருபது வருடமாக ஒவ்வொரு நாளும் செய்கிறவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். எங்கள் ரோபோ தோற்றது அந்த ஒரு கேள்வியில்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். தொழிற்சாலையில் மெஷின் ஓட்டும் மாமா, வேர்ஹவுஸில் பலகையில் சாமான் அடுக்கும் சித்தி. அவர்களுக்கு ரோபோ தெரியவேண்டிய அவசியம் இல்லை. ரோபோவை அவர்கள் முன் வைத்து, "இதில் எது முதலில் கழரும்?" என்று மட்டும் கேளுங்கள்.

ஆகவே வரும் பருவத்துக்கு நான் கேட்பது மூன்று விஷயம்.

கணினியில் சட்டத்தின் முதல் கோட்டைப் போடுவதற்கு முன் பற்றரியைப் போடுங்கள். அதன் அளவு எல்லாருக்கும் தெரியும், வருடா வருடம் மாறுவதில்லை. அதைக் கையால் தூக்கி எடுக்கும் வழியையும் சேர்த்து வரையுங்கள்.

போட்டிக்குப் போகமுன் பிரேக்கரை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, பற்றரி உள்ளே இருக்க நாலு பேர் சேர்ந்து ரோபோவை மெதுவாக ஒவ்வொரு பக்கமாகவும் சரித்துப் பாருங்கள். கீழே பாய் விரித்துவைத்து, பற்றரியின் பக்கத்தில் கையும் காலும் இல்லாமல் நின்று காது கொடுங்கள். "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால் வேலை முடியவில்லை.

கடைசியாக, அந்த வேலையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கடைசி இரவில் அல்ல, முதல் கிழமையில் கொடுங்கள். 96 கிலோ கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். வடிவமைப்புக் கூட்டத்தில் எழுந்து விளக்கச் சொல்லுங்கள். பெட்டியில் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதவிடுங்கள். ஆட்டம் முடிந்து ரோபோ முழுதாகத் திரும்பி வரும்போது, டிரைவருக்குக் கைதட்டுகிற அதே கையால் அந்தப் பிள்ளைக்கும் தட்டுங்கள்.

எங்கள் அணி அப்படிச் செய்திருந்தால் அந்த ஆட்டத்தை வென்றிருப்போமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெடியன் அடுத்த வருடமும் வந்திருப்பான் என்று நினைக்கிறேன்.